திருவூடல் தெருவில் ஒரு டூயட்

திருவண்ணாமலைக்கு எதற்குப் போவார்கள்? பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றப் போவார்கள். கார்த்திகைக்குத் தீபம் பார்க்கப் போவார்கள். ஆபீசில் மேனேஜர் படுத்தும் பாடு தாங்காமல், 'பேசாமல் சாமியாராகி விடலாமா' என்று யோசிக்கப் போவார்கள். இந்த மூன்றுக்கும் இல்லாமல், ஒரு சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்காகத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிய ஒரே ஆத்மா அநேகமாக அடியேன்தான்.

விஷயம் இதுதான். என் சித்தப்பா பையனுக்குத் தை கடைசியில் கல்யாணம். பையனுக்குப் பெங்களூரில் சாஃப்ட்வேர் உத்தியோகம். பெண்ணுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை, ஒரு வங்கியில் வேலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயந்திரம் ரிசப்ஷன். அங்கே மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து ஒரு டான்ஸ் ஆட வேண்டும் என்று பையனுக்கு ஆசை. 'ஃபர்ஸ்ட் டான்ஸ்' என்று பெயராம். மேல்நாட்டுக் கல்யாண விருந்துகளில் மணமக்கள் முதலில் ஆடுவார்கள். பிறகுதான் மற்றவர்கள் எழுந்து ஆடலாம். நம் ஊரில் சம்பந்தி உட்கார்ந்த பிறகு பந்தி ஆரம்பிக்கிற மாதிரி!

பையன் தானே ஒரு பாட்டை முடிவு பண்ணினான். டான்ஸ் மாஸ்டர் ஒருவரைப் பிடித்தான். மாஸ்டர் ஆடிக் காட்டியதை வீடியோ எடுத்து, 'பதினஞ்சு நாள்ல பிராக்டிஸ் பண்ணிடு' என்று பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. இரண்டு நாள் போனும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் பத்திரிகையிலெல்லாம் ஊருக்கு உபதேசம் எழுதறியே... போய்ப் பேசி முடிச்சுட்டு வாடா!"

பி.காம். படித்தவனை ஐந்தொகை சரிபார்க்கக் கூப்பிடலாம். தூது போகக் கூப்பிடலாமா? ஆனால், சுந்தரருக்காகப் பரவையாரிடம் திருவாரூர் வீதியில் ராத்திரி நேரத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நடந்தவர் சாட்சாத் சிவபெருமான் என்கிறது பெரியபுராணம். அவரே டி.ஏ., பேட்டா எதுவும் கேட்காமல் நடந்திருக்கிறார். நமக்கென்ன?

* * *

பொங்கலன்று ராத்திரி கிளாம்பாக்கத்தில் சீட் பிடிப்பது ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணுவதைவிடக் கொஞ்சம் கஷ்டம். கடைசி சீட்டில் ஒன்று கிடைத்தது. திண்டிவனம், செஞ்சி வழி. டிரைவர் புண்ணியவான், வழியெல்லாம் காதல் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் வேலை ஓடியது. ஒவ்வொரு பாட்டாக, இதைக் கல்யாண மேடையில் போடலாமா என்று மனசுக்குள் வரவு செலவு எழுதிக்கொண்டே வந்தேன்.

எழுத எழுதத்தான் பயம் வந்தது.

முதலில் பையன் தேர்ந்தெடுத்த பாட்டு. 'சில்லுனு ஒரு காதல்' (2006) படத்தில் ரஹ்மான் இசையில் ஷ்ரேயா கோஷலும் நரேஷ் ஐயரும் பாடிய டூயட். தேன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் படத்தில் சூர்யா அந்தப் பாட்டைப் பாடுவது மனைவி ஜோதிகாவோடு இல்லை சார். ஃப்ளாஷ்பேக்கில் வரும் பழைய காதலி பூமிகாவோடு!

அடுத்து 'மின்னலே' (2001). பாம்பே ஜெயஸ்ரீயின் குரலில் பெண்கள் உருகும் பாட்டு. அந்தக் கட்டத்தில் கதாநாயகன், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை நான்தான் என்று ஆள் மாறாட்டம் பண்ணிக்கொண்டிருக்கிறான். 'ரோஜா'வில் (1992) எஸ்.பி.பி. உருகுகிறாரே, அது? புருஷன் தீவிரவாதிகளிடம் பிணைக்கைதியாக இருந்துகொண்டு பெண்டாட்டியை நினைக்கிற பாட்டு. 'குணா'வின் (1991) குகைப் பாட்டு 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தால் மறுபடி ஊரெல்லாம் ஒலித்தது. அந்தப் பெண்ணைக் கதாநாயகன் கடத்திக்கொண்டு வந்திருக்கிறான்! இதைப் போட்டு மேடையில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தால், மாமனார் போலீசுக்குப் போன் பண்ண வேண்டியதுதான் முறை.

வெள்ளைக்காரன் மட்டும் ரொம்ப ஒழுங்கா? 'தி பாடிகார்ட்' (1992) படத்தில் விட்னி ஹூஸ்டன் உச்சஸ்தாயியில் பாடிய பாட்டு அங்கே எத்தனையோ கல்யாணங்களில் ஒலிக்கிறது. அதை முதலில் எழுதிப் பாடியவர் டாலி பார்ட்டன், 1974-ல் வெளியானது. எதற்காக எழுதினார்? கூடவே பாடிக்கொண்டிருந்த குருநாதரிடம், 'நான் தனியாகப் போகிறேன்' என்று விடை பெறுவதற்காக! 'தி போலீஸ்' குழுவின் 1983-ம் வருஷத்து ஹிட் ஒன்றையும் கல்யாணத்தில் போட்டுவிடுகிறார்கள். உன் ஒவ்வொரு அசைவையும் நான் கண்காணிக்கிறேன் என்று ஒருவன் பொறாமையில் மிரட்டுவதுதான் அதன் பொருள். எழுதிய ஸ்டிங்கே இது அன்பான பாட்டு இல்லையய்யா என்று சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்பார் இல்லை.

ஆக, உலகம் பூராவும் கல்யாண வீட்டில் மெட்டைக் கேட்கிறார்களே தவிர, கதையைக் கேட்பதில்லை. செஞ்சிக் கோட்டை தாண்டி, விடிகிற நேரத்தில் தூரத்தில் அந்த மலை தெரிந்தபோது என் பேரேட்டில் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

* * *

2,668 அடி உயரம் என்று புத்தகத்தில் படித்தால் அந்த மலை பெரிசாகத் தோன்றாது. ஊருக்குள் வந்து பார்க்க வேண்டும். டீக்கடை, துணிக்கடை, பஸ் ஸ்டாண்டு, பல்லாவரத்து ஜோசியர் போர்டு, எதன் பின்னாலும் அதுதான் நிற்கிறது. ஹெட் ஆபீஸ் ஆடிட்டர் மாதிரி, பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நான் போனது மாட்டுப் பொங்கலன்று. கோயிலில் பெரிய நந்திக்கு அன்றைக்குத்தான் பொங்கல் போனஸ். கத்திரிக்காய், பூசணி, வாழைப்பழம், வடை, முறுக்கு என்று மாலை மாலையாகப் போட்டு நந்தி முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கிருஷ்ணதேவராயர் எழுப்பத் தொடங்கிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். 11 நிலை, 217 அடி. பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டே பெண் வீட்டுக்கு நடந்தேன்.

பெண்ணின் அப்பாவுக்குத் துணி வியாபாரம். வாட்டசாட்டமான மனுஷர். இலை போட்டு வடை பாயசத்தோடு பரிமாறச் சொல்லிவிட்டு, நான் முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் ஆரம்பித்தார். எதிராளி பேச முடியாத நேரம் பார்த்துப் பேசுவது வியாபாரிக்கு அழகு.

"தம்பி, இது கோயில் ஊரு. என் பொண்ணு அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி மேடையில ஆடினா, நாளைக்குக் கடைக்கு வர்றவன் துணியைப் பார்ப்பானா, என் மூஞ்சியைப் பார்ப்பானா? மேளச் சத்தத்தைத் தவிர வேற சத்தம் மண்டபத்துல கேட்கக்கூடாது. மாப்பிள்ளைகிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க."

சரி, பெண் போன் எடுக்காததற்குக் காரணம் இவர்தான் என்று தீர்மானித்து, கை கழுவப் போனேன். கிணற்றடியில் பெண்ணே தண்ணீர் மொண்டு ஊற்றியது.

"மாமா, அப்பா சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஆடறதுல கூச்சம் கிடையாது. எட்டாம் கிளாஸ் வரைக்கும் பரதநாட்டியம் கத்துக்கிட்டவதான் நான்."

"பின்னே என்னம்மா கோபம்?"

"அந்த வீடியோவைப் பார்த்தீங்களா? பதினாறு ஸ்டெப். அதுல எட்டு ஸ்டெப் அவரு ஆடறாரு. மீதி எட்டுல என்னைப் பம்பரம் மாதிரி சுத்தி விடறாரு. பாட்டு அவரு பிடிச்சாரு, மாஸ்டரை அவரு பிடிச்சாரு, புடவை கலரும் அந்த லைட்டுக்கு மேட்ச்சாகணுமாம். 'உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்'னு ஒரு வார்த்தை கேட்கலையே மாமா!" கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் பழைய காதலிக்குப் பாடற பாட்டு!" என்றது.

படம் பார்த்திருக்கிறது. தீர்ந்தான் என் தம்பி.

* * *

தலை வலித்தது. தேரடித் தெருப் பக்கம் டீ சாப்பிடப் போனேன். அதே கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கும் நாதஸ்வர வித்வான் அங்கே வருவார் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் அரை டம்ளர் டீ. பாட்டுப் பஞ்சாயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நம்ம கல்யாணத்துல பாட்டுக்கா சார் பஞ்சம்? ஊஞ்சல்னா ஆனந்தபைரவி. மாலை மாத்தும்போது ஒண்ணு, அக்னி வலம் வரும்போது ஒண்ணு. சீதா கல்யாணம் குறிஞ்சி ராகத்துல, தியாகராஜர் போட்டது, அது இல்லாம கல்யாணமே இல்லை. ஐயர் விரலை ஆட்டினா கெட்டிமேளம். ஒருத்தர் தும்மினாக்கூடக் காதுல விழக்கூடாது பாருங்க, அதுக்குத்தான் அந்த அடி. முகாரி மட்டும் தொடமாட்டோம். மல்லாரி மனுஷனுக்குக் கிடையாது, சாமி புறப்பாட்டுக்கு."

"பொண்ணு மாப்பிள்ளை நடக்கற ஒவ்வொரு அடிக்கும் பாட்டு இருக்குன்னு சொல்லுங்க."

"இருக்கு சார். ஆனா ஒண்ணு. இத்தனை வருஷத்துல பொண்ணோட மாமா கேட்டிருக்காரு, மாப்பிள்ளையோட சிநேகிதன் கேட்டிருக்கான், சமையல்காரர்கூட இது வாசிங்கன்னு கேட்டிருக்காரு. பொண்ணோ மாப்பிள்ளையோ, எங்களுக்கு இதை வாசிங்கன்னு ஒருத்தர் கேட்டதில்லை. கேட்கவும் விட்டதில்லை."

சுரீரென்றது. மேல்நாட்டு மோகம், கலாசாரச் சீரழிவு என்றெல்லாம் இந்த டான்ஸைப் பற்றிப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, இதில் புதுசு டான்ஸ் இல்லை. தாலி கட்டினதும் கைபிடித்து அக்னியைச் சுற்றி வருவதும் மேளதாளத்தோடு இரண்டு பேர் சேர்ந்து எடுத்து வைக்கிற அடிதானே? புதுசு என்னவென்றால், 'உனக்கு எந்தப் பாட்டு வேணும்' என்ற கேள்வி. கல்யாணத்தில் மண்டபம், மெனு, பத்திரிகை எல்லாம் பெரியவர்கள் முடிவு. அந்த இரண்டு பேராக உட்கார்ந்து முடிவு பண்ண மிச்சமிருப்பது இந்த நாலு நிமிஷம்தான். அதையும் ஒருத்தரே முடிவு பண்ணிவிட்டால்?

* * *

சாயந்திரம் பெண் வீட்டார் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாட்டுப் பொங்கலன்று இந்த ஊரில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை. திருவூடல் என்று பெயர். சண்டைக்கென்றே ஒரு தெருவை ஒதுக்கி, அதற்குத் திருவூடல் தெரு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் சண்டைக்கு இடம் பற்றாமல் போவதைப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய நகரமைப்புத் திட்டம் என்பது புரியும்.

கதை தெரியாதவர்களுக்கு: பிருங்கி என்று ஒரு முனிவர். சிவனைத் தவிர யாரையும் கும்பிடமாட்டார். அம்மன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வண்டு உருவம் எடுத்துத் துளைத்துக்கொண்டு போய்ச் சிவனை மட்டும் சுற்றுவார். தன்னை மதிக்காத அந்த ஆளுக்குத் தன் புருஷன் போய்க் காட்சி கொடுத்து அருள் பண்ணிவிட்டாரே என்று உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அண்ணாமலையார் அன்று ராத்திரி குமரகோயிலில் தங்க வேண்டியதுதான். மறுநாள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு வந்த பிறகு சமாதானம். அது மறுவூடல்.

தெருவில் நிற்க இடமில்லை. சாமியும் அம்மனும் எதிரெதிரே வர, மேளம் உச்சத்தில் போக, ஜனம் அரோகரா போட்டது. என் பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் காதோடு சொன்னது:

"மாமா, அம்மனை ஒரு வார்த்தை கேட்டுட்டு அருள் பண்ணியிருந்தா இந்தச் சண்டையே கிடையாது. இல்லே?"

நான் பதில் சொல்லவில்லை. அண்ணாமலையாருக்கே பதில் தெரியாத கேள்வி.

அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா வேறு உலகத்தில் இருந்தார். தோள் இரண்டும் தாளத்துக்கு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இளவட்டத்தில் அவரும் மாட வீதியில் சாமி தூக்கினவராம்.

"பாரம் எப்படித் தாங்குவீங்க?" என்றேன்.

"நின்னாத்தான் தம்பி பாரம். மேளத்துக்கு ஆடிக்கிட்டே போனா தெரியாது. ஆனா ஒருத்தன் மட்டும் ஆடினா ஆகாது. எதிர்க்கட்டையில இருக்கறவனும் அதே அடி வைக்கணும். இல்லேன்னா தோள் பிய்ஞ்சிடும்." அப்படியே தீபத்துக்குத் தாவினார். "கார்த்திகைத் தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவாரே, பார்த்திருக்கீங்களா? வருஷத்துக்கு ஒரு நாள், ஒருசில நிமிஷம். ஆடிக்கிட்டே வருவாரு, ஆடிக்கிட்டே திரும்பிடுவாரு. சரியா ஆறு மணிக்கு மலை உச்சியில தீபம். இவளைச் சின்ன வயசுல தோள்ல உட்காரவெச்சு நான்தான் காட்டினேன்."

டி.வி.யில் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே ஊர்ப் பவழக்குன்றில் அம்மன் தவம் இருந்து சிவனிடம் இடப்பாகம் வாங்கிய கோலம் அது என்கிறது தலபுராணம்.

"ஐயா, அப்போ அது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆடற ஆட்டம்தானே? அதுவும் லட்சக்கணக்கான ஜனத்துக்கு முன்னாடி?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார், ராத்திரி பஸ்ஸில் மறுபடி கடைசி சீட்டுதான் என்று நினைத்தேன். தெரு முனை வரை பேசாமல் நடந்தவர், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"என்னா பாட்டு தம்பி?"

* * *

அன்று ராத்திரி பெங்களூரை வீடியோ காலில் பிடித்தோம். "சாரி" என்று ஆரம்பித்த பையனை, "அதெல்லாம் அப்புறம் தனியா வெச்சுக்குங்கடா" என்று அடக்கினேன். ஆளுக்கு ஒரு பேப்பர், ஐந்து பாட்டு, ஒருத்தர் எழுதுவதை ஒருத்தர் பார்க்கக்கூடாது. இரண்டு லிஸ்டிலும் வருவது எதுவோ அதுதான் பாட்டு. பெண் வங்கி உத்தியோகம், நான் பி.காம். எங்கள் பாஷையில் இதற்குப் பேர் பாங்க் ரீகன்சிலியேஷன்.

பத்துப் பாட்டில் ஒன்றே ஒன்று பொருந்தியது. 1990-ல் வந்த 'பணக்காரன்' படத்தில் இளையராஜா போட்ட குஷியான கல்யாணப் பாட்டு. இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் வந்தது. ஆனால் இரண்டு பேரும் சின்ன வயசில் போன கல்யாணத்திலெல்லாம் ஸ்பீக்கரில் அலறியது. படத்திலும் அது கல்யாண வீட்டுப் பாட்டுதான். ஃப்ளாஷ்பேக் காதலி கிடையாது, ஆள் மாறாட்டம் கிடையாது, கடத்தல் கிடையாது!

"இதுக்கு எப்படிடீ ஆடறது?" என்றான் பையன்.

"யாரும் யாரையும் சுத்தவேணாம். பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடலாம்" என்றது பெண். அப்புறம் அரை மணி நேரம் அவர்களே பேசிக்கொண்டார்கள். தூதனை யாரும் சீந்தவில்லை.

அப்பாவுக்கும் ஒரு வெற்றி வேண்டுமே? மேளச் சத்தம் தவிர வேறு சத்தம் கூடாது என்ற அவருடைய கண்டிஷன் அப்படியே நிறைவேறியது. பாட்டை வாசித்தது நாதஸ்வரமும் தவிலும்! ரிசப்ஷன் அன்று வித்வானிடம் பெண்ணே போய், "ஐயா, எங்களுக்கு இதை வாசிங்க" என்று கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தைத் தூக்கினார். நாலு நிமிஷப் பாட்டைத் தவில்காரர் ஏழு நிமிஷமாக்கினார். ஒரு பெரியம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் மேடை ஏறவில்லை. கீழே தூணோரமாக நின்றார், தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் துணியைத்தான் பார்த்தார்களாம், விசாரித்துவிட்டேன்.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் பிரம்மச்சாரி வாசகர்களுக்கு, செலவில்லாமல் மூன்று யோசனை. ஒன்று, பாட்டு பிடித்திருந்தால் முழுப் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு, உங்களுக்கு ஆட வருகிற பாட்டு வேறு, இரண்டு பேருக்கும் சேர்ந்து ஆட வருகிற பாட்டு வேறு. இரண்டாவதைப் பிடியுங்கள். சாமி தூக்குகிறவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். மூன்றாவதுதான் முக்கியம். வீடியோ அனுப்புவதற்கு முன்னால், 'உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பழகிவிட்டால், பிற்பாடு வீடு வாங்கும்போதும், டிரான்ஸ்ஃபர் வரும்போதும், மாமியார் வந்து தங்கும்போதும் தானாக வாயில் வரும்.

என் தூதுக் கணக்கு: வரவு, இரண்டு வேளை சாப்பாடு, ஒரு டீ. செலவு, போக வர பஸ் டிக்கெட். நிகர நஷ்டம்தான். சித்தப்பா இன்னும் செட்டில் பண்ணவில்லை.

எவ்வளவு கேட்டுக் கேட்டு நடந்தாலும் ஊடல் வரத்தான் வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திருவூடல் தெரு உண்டு, பெரும்பாலும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில். கதவு சாத்தியிருந்தால் பயப்படாதீர்கள். அண்ணாமலையாருக்கே 14 கிலோமீட்டர் ஆயிற்று. நீங்கள் தெருக்கோடி வரை போய், வரும்போது ஒரு முழம் மல்லிகைப்பூவோடு வந்தால் போதும். வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, மல்லியா முல்லையா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்!